நல்ல தண்ணிக் கிணற்றடியில் ஒரு சொல்

எங்கள் ஊரில் கிணறுகளுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் குறைவு. கரிசல் மண்ணில் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும் நீர்தான் ஊறும். துணி துவைக்கலாம், மாட்டைக் குளிப்பாட்டலாம், வாயில் வைக்க முடியாது. ஊருக்கு வடக்கே ஓடைக்கரையில் இருந்த ஒரே ஒரு கிணற்றில்தான் குடிக்கிற தண்ணீர் கிடைத்தது. அதற்குப் பெயரே நல்ல தண்ணிக் கிணறு. விடியும் முன்பே அங்கே குடங்கள் வரிசைகட்டி நிற்கும். ஆச்சி இரண்டு குடம் எடுப்பாள், ஒன்று தலைக்கு, ஒன்று இடுப்புக்கு. தலைக்குடத்தைத் தனியாளாகத் தூக்கி வைக்க முடியாது. வரிசையில் நிற்கும் ஒருத்தியோ, வழியோடு போகிற ஓர் இளவட்டமோ வந்து குடத்தின் அடியில் கை கொடுத்து ஏற்றிவிடுவார்கள். சும்மாட்டின் மேல் குடம் நிலைகொண்டதும் ஆச்சி சொல்லும் சொல் ஒன்றுதான்: "நல்லாருய்யா." கை கொடுத்தது பெண்ணென்றால், "நல்லாரு தாயி."

ஆச்சி வாயிலிருந்து 'நன்றி' என்ற சொல்லை நான் கேட்டதேயில்லை. அது என் பாடப்புத்தகத்தில் இருந்த சொல். வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்னை வளர்த்ததற்கு நான் என்றும் நன்றியுடையவன் என்று அதில் ஒரு வரி. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. சித்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆச்சி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள்: "எனக்கு எதுக்குய்யா நன்றி எழுதுன? நான் என்ன அசலா?"

கோபமாகக் கேட்கவில்லை. மனத்தாங்கலோடு கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நன்றி என்கிற சொல்லைத் தேடிப் போனதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

தேடல் தொடங்கவேண்டிய இடம் அந்தக் கிணற்றின் பெயரிலேயே இருந்தது. நன்றியின் வேர் 'நல்'. நல்ல, நலம், நன்மை, நன்று எல்லாம் அதில் கிளைத்தவை. கொடுத்தல், அருளுதல் என்னும் பொருளில் பழைய நூல்கள் ஆளும் 'நல்கு' என்ற வினையும் இந்தக் குடும்பம்தான். லகரத்தில் முடியும் வேர், றகரத்தோடு சேரும்போது னகரமாக மாறுவது தமிழ்க் காதுக்குப் பழகிய ஒன்று: செல் சென்று ஆகிறது, நில் நின்று ஆகிறது, கொல் கொன்று ஆகிறது. அப்படித்தான் நல் நன்று ஆகி, நன்றியும் ஆயிற்று. மலையாளத்தில் இதே சொல்லுக்கு நன்னி என்றொரு வடிவம் உண்டு. இன்று பெரும்பாலும் நந்தி என்கிறார்கள். நாம் 'ன்ற' என்னும் இடத்தில் அவர்கள் 'ன்ன' என்று அழுத்துவார்கள். ஒன்று அங்கே ஒன்னு, மூன்று மூன்னு, குன்று குன்னு.

இந்த 'நல்' என்னும் அசை நம் வீட்டுக்குள் எத்தனை இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அடுப்படியில் நல்லெண்ணெய். குடிக்க நல்ல தண்ணி. தெற்கே சில ஊர்களில் மிளகுக்கு நல்ல மிளகு என்று பெயர். வரப்பில் படமெடுப்பது நல்ல பாம்பு; பயத்தையும் மரியாதையையும் சேர்த்து வைத்த பெயர் அது. நீர் பாய்கிற வயல் நன்செய். கல்யாணமும் சாவும் ஆகிய இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல, 'நல்லது கெட்டது'. 'நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிற சனம்' என்றால் அதுதான் சொந்தம். எண்ணெய், தண்ணீர், பாம்பு, வயல், உறவு. எது உயிரைத் தாங்குகிறதோ, எதை மதித்து விலகி நடக்கவேண்டுமோ, அதற்கெல்லாம் தமிழர் இந்த ஓரசையை முன்னால் வைத்திருக்கிறார்கள்.

பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை. இன்று நாம் மேடையில் சொல்கிற பொருள் அதற்கு அப்போது இல்லை. சொல்லின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் சொல்லை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த வினையோடு கைகோத்து நடந்தது என்று பார்க்கவேண்டும். நன்றியின் கதை முழுவதும் அதன் வினைகளில்தான் இருக்கிறது.

இன்று நாம் நன்றி 'சொல்கிறோம்'. நன்றி 'கூறுகிறோம்', 'தெரிவிக்கிறோம்'. ஔவையாரின் மூதுரை முதல் பாட்டில் நன்றி என்பது ஒருவர் இன்னொருவருக்குச் 'செய்வது'. செய்துவிட்டு, எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்கவேண்டாம் என்கிறது பாட்டு. அதற்குத் தென்னையைச் சாட்சிக்கு அழைக்கிறது; காலால் குடித்த தண்ணீரைத் தலையால் இளநீராகத் தருகிற மரம். நன்றி செய்தவர் வேர்க்காலில் தண்ணீர் ஊற்றியவர். அதாவது கொடுத்தவர் பக்கம் நிற்கிறது இந்தச் சொல். பெற்றவர் பக்கம் அது இன்னும் வந்து சேரவில்லை.

திருக்குறளிலும் அப்படியே. வினைத்தூய்மை அதிகாரத்தில், புகழும் நன்மையும் தராத செயலை விட்டுவிடச் சொல்லும்போது அந்த நன்மைக்கு வள்ளுவர் வைக்கும் சொல் நன்றி. இனிய சொல் என்ன விளைவைத் தரும் என்று சொல்லும் இடத்திலும் அதே. அப்படியானால் நாம் இன்று நன்றி என்று சொல்லும் உணர்வுக்கு அவரிடம் என்ன பெயர்? 11ஆம் அதிகாரத்தின் தலைப்பே விடை: செய்ந்நன்றி அறிதல். செய்ந்நன்றி என்றால் செய்த நன்மை, அது அடுத்தவருடையது. நம்முடையது அந்தத் தலைப்பின் கடைசிச் சொல், அறிதல்.

அந்த அதிகாரத்தின் பத்துக் குறளையும் வினைகளை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொண்டு படித்தேன். பெற்றவர் செய்யவேண்டியதாக வரும் வினைகள் எவை? கொள்வது, மறவாமல் இருப்பது, துறவாமல் இருப்பது, உள்ளுவது. உள்ளுதல் என்றால் நினைத்தல்; அது இரண்டு இடத்தில் வருகிறது. 'சொல்லுதல்' என்ற பொருள் தரும் ஒரு வினைகூட அந்தப் பத்தில் இல்லை. இனிமையாகப் பேசுவதைப் பற்றி வள்ளுவர் அறியாதவர் இல்லை. அதற்கு முந்தைய 10ஆம் அதிகாரம் முழுவதும் அதுதான். பேச்சை அங்கே முடித்துவிட்டு, அடுத்த அதிகாரத்தில் வாயை மூடி மனத்தைத் திறக்கச் சொல்கிறார். இந்த வரிசையைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆச்சி வாயால் சொல்லாத ஒன்றை வள்ளுவரும் சொல்லச் சொல்லவில்லை.

இன்னொன்றும் அங்கே கிடைத்தது. தொல்காப்பியத்தின் உரியியல், 'நன்று' என்ற சொல்லுக்குப் பெரிது என்று பொருள் சொல்கிறது. சங்கப் பாட்டுகளில் 'நன்றும்' என்று வந்தால் பல இடங்களில் 'மிகவும்' என்று கொள்ளவேண்டும். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி 11ஆம் அதிகாரத்துக்குப் போனால், 'பெரிது' என்ற சொல் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. வேளையறிந்து செய்த சிறு உதவி உலகத்தைவிடப் பெரிது. பயனை எடைபோடாமல் செய்த உதவி கடலைவிடப் பெரிது. தினையளவு செய்ததைப் பனையளவாகப் பார்ப்பார்கள் பயனறிந்தவர்கள். இரண்டும் ஒரே வேரின் இரு பொருள் என்று நான் சாதிக்க வரவில்லை. இது என் வாசிப்பு. ஆனாலும் நன்றி என்பது ஒரு கண் என்று எனக்குப் படுகிறது. தினையைக் காட்டினால் பனையைக் காணும் கண். தினையும் பனையும் எங்கள் பக்கத்து வறண்ட நிலத்தின் பயிரும் மரமும் என்பதால், அந்த அளவு எனக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஒரு தினையரிசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விளைக்கு நடுவே நின்று பனையை அண்ணாந்து பார்த்தவனுக்கு வள்ளுவர் எவ்வளவு தூரம் கேட்கிறார் என்பது தெரியும்.

உதவியின் அளவு உதவியில் இல்லை, அதைப் பெற்றவரின் பண்பில் இருக்கிறது என்றும் ஒரு குறள் சொல்கிறது. ஆச்சிக்கும் அவள் நாத்தனாருக்கும் காட்டுப் பங்கு ஒன்றில் தகராறு. பல வருடம் பேச்சு இல்லை. கோயில் கொடையில் எதிரெதிரே வந்தாலும் முகம் திருப்பிப் போவார்கள். அந்த நாத்தனாரைப் பற்றி வீட்டில் யாராவது கடுமையாகப் பேசினால் மட்டும் ஆச்சி கையை உயர்த்தி நிறுத்திவிடுவாள். "நான் உங்கப்பனைப் பெத்துக் கெடந்தப்ப, மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து உளுந்தங்களி கிண்டிக் குடுத்தவ அவ. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் அவ வீட்டுது." அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசமுடியாது. கொல்வதுபோன்ற தீங்கு செய்தவரிடத்திலும் அவர் முன்பு செய்த ஒரே ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீங்கு அழிந்துவிடும் என்பது 109ஆம் குறளின் கருத்து. நான் அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். ஆச்சி ஒரு கிண்ணம் உளுந்தங்களியில் அதைக் காத்துவைத்திருந்தாள்.

அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள், மற்ற நன்மைகளை அழித்தவருக்கு மீட்சி உண்டு, செய்ந்நன்றியை அழித்தவனுக்கு இல்லை என்று முடிகிறது. அழித்தல் என்று நான் மெதுவாகச் சொல்கிறேன். அங்கே இருக்கும் சொல் 'கொல்லுதல்'. நன்றி உயிருள்ள ஒன்று, அதைக் கொல்லமுடியும். இதே எண்ணம் புறநானூற்றின் 34ஆம் பாட்டில் இருக்கிறது. ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனைப் பாடியது. பசுவின் மடியறுத்தது முதலான பெரும் பாவங்களுக்கும் கழுவாய் உண்டு. 'செய்தி' கொன்றவர்களுக்கு உய்வில்லை என்று அறம் பாடியிருக்கிறது என்கிறார் புலவர். அறம் என்று அவர் சுட்டுவது குறளைத்தான் என்று கொள்வாரும் உண்டு.

'செய்தி' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கவேண்டும். இன்று காலையில் தேநீரோடு நாம் தேடுகிற செய்தி அது இல்லை. செய்யப்பட்டது எதுவோ அது செய்தி. எனக்காக ஒருவர் செய்தது. நமக்கு உலகத்தில் எங்கோ நடந்தவையெல்லாம் செய்தி. ஆலத்தூர் கிழாருக்கு, அடுத்தவன் தனக்கு இட்ட சோறு செய்தி. அந்தச் சோற்றையும் அவர் விட்டுவிடவில்லை. இலந்தை மரம் நிற்கும் ஊர்ப்பொதுவில், புறாவின் முட்டைபோன்ற வரகரிசியைப் பாலில் வேகவைத்துத் தேன் கலந்த சோறும், சுட்ட முயல் இறைச்சியும், சுற்றத்தோடு பாணர்கள் உட்கார்ந்து வயிறாரத் தின்ற காட்சியை விரித்துச் சொல்கிறார். அப்படிச் சோறிட்ட அரசன் வாழ்க என்று நான் காலையும் மாலையும் பாடாமல் போனால் சூரியன் உதிக்காது என்கிறார். கடைசியில், இமயத்தில் திரண்ட மேகம் பொழியும் துளிகளைவிடப் பல நாள் நீ வாழவேண்டும் என்று முடிக்கிறார்.

அங்கேயும் 'நன்றி சொன்னேன்' இல்லை. 'நீ வாழ்க' என்பதுதான் இருக்கிறது. ஆச்சியின் 'நல்லாரு' எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குடத்தை ஏற்றிவிட்டவன் தந்தது ஒரு நன்மை, பழைய தமிழில் ஒரு நன்றி. அதைப் பெற்ற ஆச்சி, அதே 'நல்' என்னும் வேரை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைக்கிறாள்: நல்லா இரு. எனக்கு வந்த நல்லது உனக்கும் வரட்டும். நாம் அச்சில் காப்பாற்றிவைத்த சொல்லைவிட, எழுதப் படிக்கத் தெரியாத அவள் சொல்லில்தான் அந்த வேர் ஈரத்தோடு இருந்திருக்கிறது.

வடமொழியிலும் இதே தடம் காணக் கிடைக்கிறது. கிருதக்ஞன் என்றால் நன்றியுள்ளவன். கிருதம் செய்யப்பட்டது, க்ஞ என்ற ஈறு அறிந்தவன். செய்ததை அறிந்தவன், அப்படியே செய்ந்நன்றி அறிந்தவன். நன்றிகெட்டவனுக்குக் கிருதக்னன் என்று பெயர்; அந்த ஈறு கொல்லுதலைக் குறிப்பது. செய்ததைக் கொன்றவன். அறிந்தவனுக்கும் கொன்றவனுக்கும் நடுவே ஓர் ஒலிதான் வேறுபாடு. வால்மீகி ராமாயணத்தின் கிஷ்கிந்தா காண்டத்திலும் பசுக்கொலைக்குக் கழுவாய் உண்டு, கிருதக்னனுக்கு இல்லை என்ற பேச்சு வருகிறது; சுக்ரீவனிடம் இலக்குவன் சொல்வது அது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வழக்குக்குள் நான் போக விரும்பவில்லை. இந்த நாட்டில் பல மொழி பேசியவர்களும் நன்றியை அறிவோடும் உயிரோடும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள் என்பது எனக்குப் போதும்.

ஆங்கிலத்தில் 'தேங்க்' என்ற சொல்லும் நினைத்தலைக் குறிக்கும் 'திங்க்' என்ற சொல்லும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் ஊரில் சொல்வதும் அந்த நினைப்பைத்தான். மலேசியத் தமிழர்கள் கடையிலும் பேருந்திலும் நாளெல்லாம் சொல்லும் 'தெரிமா காசே' அன்பைப் பெற்றுக்கொள்வது என்று பொருள்படும். இலங்கையில் தமிழர்களின் காதில் விழும் சிங்களச் சொல் 'ஸ்தூதி', அது துதி. நம் சீர்திருத்தச் சபைக் கிறித்தவர்கள் வேதாகமத்தின் வழியில் 'ஸ்தோத்திரம்' என்பார்கள், அதுவும் போற்றுதலே. கத்தோலிக்கர்களின் 'நற்கருணை' என்ற சொல்லைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். அந்தச் சடங்கின் கிரேக்கப் பெயர் எவுகரிஸ்தியா. நன்றியறிதல் என்று பொருள். 'எவு' நல், 'காரிஸ்' அருள். நற்கருணை அதன்மேல் எழுத்துக்கு எழுத்து பொருந்தி உட்காருகிறது, நம் 'நல்' முன்னால் நிற்க. காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தபோது, பக்கத்தில் இருந்தவர் 'ஜஸாக்கல்லாஹு கைரன்' என்றார். இறைவன் உமக்கு நன்மையைக் கூலியாகத் தரட்டும் என்று பொருள் சொன்னார்கள். கைர் என்றால் நன்மை. எனக்கு அந்த இடத்தில் கிணற்றடியும் சும்மாடும் நினைவுக்கு வந்தன.

நன்றி எப்போது 'சொல்கிற' சொல்லாயிற்று? வீட்டில் அது நடக்கவில்லை. மேடையில் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டங்களுக்கு 'அக்கிராசனர்' தலைமை தாங்கினார். முடிவில் 'வந்தனோபசாரம்' சொன்னார்கள். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கமும் அதன்பின் வந்த மேடைத் தமிழும் அக்கிராசனரைத் தலைவர் ஆக்கின, நமஸ்காரத்தை வணக்கம் ஆக்கின, வந்தனோபசாரம் இருந்த இடத்தில் நன்றியுரையை வைத்தன. புதுச்சொல் தேடியவர்கள் பழைய வீட்டுக்குள்ளிருந்தே எடுத்தார்கள். அதனால் அது அந்நியமாக ஒலிக்கவில்லை. ஆனால் அந்த நாளில் சொல் பக்கம் மாறிவிட்டது. கொடுத்தவர் செய்த நன்மையாக இருந்தது பெற்றவர் வாயில் வரும் வார்த்தையானது. பிறகு ஊர் எல்லையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று பலகை நின்றது. ஓர் இதழில் வந்ததை இன்னோர் இதழ் எடுத்துப்போடும்போது அடியில் 'நன்றி' என்று போட்டுப் பெயர் எழுதினார்கள். ஈழத்துத் தமிழர்களின் இறப்பு அறிவித்தல்களில், 31ஆம் நாள் நினைவஞ்சலியோடு 'நன்றி நவிலல்' என்று ஒரு பகுதி வரும். சாவு வீட்டுக்கு ஓடிவந்தவர்கள், உணவு சமைத்துத் தந்தவர்கள், தூர நாட்டிலிருந்து தொலைபேசியில் துக்கம் கேட்டவர்கள் எல்லோரையும் நினைத்து எழுதுவார்கள். இந்தப் பழைய சொல்லுக்கு 'நவில்' என்னும் அவ்வளவு மென்மையான துணைவினையைத் தேடித்தந்ததற்காக அவர்கள்மேல் எனக்குத் தனி அன்பு உண்டு. நாடு சிதறி, ஊர் இழந்து, ஐந்து நாடுகளின் நேரத்தில் வாழ்கிற குடும்பங்கள் யார் யார் வந்தார்கள் என்று எண்ணிப்பார்த்து எழுதும் பத்தி அது.

இனி ஆச்சியின் 'அசல்'. அவள் சொன்னது அயல் என்ற சொல்லின் பேச்சு வடிவம். உயரம் உசரம் ஆவதுபோல, உயிர் உசிர் ஆவதுபோல, அயல் அசலாகும். அசலார் என்றால் வேற்றாள். தமிழில் இன்னோர் அசலும் இருக்கிறது, வட்டிக்கு எதிரே நிற்கிற அசல், அரபியிலிருந்து வந்தது. இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆனால் என் கடிதம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. 'நன்றியுடையவன்' என்று எழுதியதன் மூலம் அவளை வேற்றாள் ஆக்கி, அவள் செய்ததை அசலாகக் கணக்கில் எழுதிவிட்டேன். அதைத்தான் அவள் கேட்டாள்.

அப்படியானால் 'நன்றிக்கடன்' என்கிறோமே? அந்தக் கடனும் வட்டிக்கடை சம்பந்தப்பட்டது இல்லை. பழந்தமிழில் கடன் என்றால் கடமை. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் அரசனுக்கும் அவரவர் கடனை எடுத்துச் சொல்கிறார். அங்கே யாரும் யாரிடமும் பணம் வாங்கியிருக்கவில்லை. இன்றும் அந்தப் பொருள் 'காலைக்கடன்' என்பதில் பிழைத்திருக்கிறது. விடிந்தால் பல் துலக்குவதுபோல, யாரும் கேட்காமல், கணக்கில்லாமல், தினம் செய்வது கடன். ஆச்சிக்கு நான் பட்ட நன்றிக்கடன் அந்த வகை என்றால் அதை எழுதி அனுப்பியிருக்க வேண்டியதில்லை. பொங்கலுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததே அதுதான்.

மழைக்கு என்ன செய்வது என்ற கேள்வியையும் நம்மவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒப்புரவறிதல் அதிகாரம், மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்துவிடும் என்ற கருத்தோடு தொடங்குகிறது. கைம்மாறு, கைக்குக் கை மாறுவது. எவ்வளவு உடம்புள்ள சொல்! மேகத்துக்குக் கை இல்லை. திருப்பிக் கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை. அங்கே அறிதல் ஒன்றுதான் மிஞ்சுகிறது. சிலப்பதிகாரம் கதைக்குள் நுழையும் முன் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றுகிறது. போற்று என்றால் புகழ்வது மட்டும் இல்லை, பேணுவதும் காப்பதும் போற்றுதல்தான். எங்கள் ஊரில் ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கும்போது ஆச்சி முற்றத்துக்கு வந்து நிற்பாள். எதுவும் பேசமாட்டாள். முந்தானையைத் தலையில் போடாமல் கொஞ்சநேரம் அப்படியே நனைவாள். பிறகு ஓட்டுவாரத்தின் கீழே அண்டாவையும் குடத்தையும் வரிசையாக வைப்பாள். உப்பில்லாத தண்ணீர் வானத்திலிருந்து வீட்டுக்கே வருகிற நாள் அது. ஒரு சொட்டு வீணாகவிடமாட்டாள். போற்றுதல் என்ற சொல்லின் இரண்டு பொருளையும் அவள் அந்த முற்றத்தில் செய்துகாட்டியிருக்கிறாள்.

நல்ல தண்ணிக் கிணற்றை இப்போது யாரும் இறைப்பதில்லை. தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. குடத்தை ஏற்றிவிட ஆள் தேவைப்படுவதில்லை. ஆச்சியும் இல்லை. நான் நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். தண்ணீர் கேனைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறிவரும் பையனிடம் நான் 'தேங்க்ஸ் தம்பி' என்கிறேன். என்னோடு இருக்கும் அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுக்கிறாள்: "நல்லாருப்பா. ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போ."

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் ஓர் எவர்சில்வர் தூக்கில் பால்கொழுக்கட்டை கொடுத்தனுப்பினாள். சாப்பிட்டு முடித்ததும் நான் தூக்கைக் கழுவித் துடைத்து, திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாது என்பது அவளுக்கு அவள் மாமியார் சொல்லிக்கொடுத்தது. வீட்டில் அன்று பலகாரம் எதுவும் இல்லை. பால்கனித் தொட்டியில் நிற்கிற கறிவேப்பிலைச் செடியிலிருந்து நாலு கொத்து கிள்ளி, தண்ணீர் தெளித்து, தூக்குக்குள் போட்டு மூடினாள்.

"இந்தா, இப்பக் கொண்டு போ."